சுவருக்கு அப்பால் ஒரு வெதுவெதுப்பு

செப்டம்பர் 28, திங்கள்

பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு உரிக்கும் இயந்திரம் நின்றுவிட்டது. மொத்தத்தையும் கையால் உரித்தோம். விரல் நுனிகள் இன்னும் ஊறிச் சுருங்கிப் போய் இருக்கின்றன.

வீட்டுக்கு வந்தால், முன்னறைக் கணப்பை அடைத்திருந்த பலகையை ட்ரெவர் பிடுங்கி வைத்திருக்கிறான். பின்னால் ஒரு கறுப்புக் குகை. கம்பளமெல்லாம் கரித்தூள். அவன் முகத்தில் அதைவிட அதிகம்.

"நீதானே கேட்டுக்கிட்டே இருந்த, கண்ணால பாக்க ஒரு நெருப்பு வேணும்னு? நெவில் வந்து போட்டுத் தரேன்னுட்டான்."

கேட்டது நான்தான். ரேடியேட்டர் அறையைச் சூடாக்கும், சரி. அதன் முன்னால் யார் உட்கார்ந்து பேசுவார்கள்? நிஜக் கரி வாங்கிச் சுமக்கவும் சாம்பல் அள்ளவும் என் முதுகு ஒத்துழைக்காது. கேஸில் எரிய வேண்டும், ஆனால் பார்வைக்குக் கரி நெருப்பாகவே இருக்க வேண்டும். கடையில் ஒன்றைப் பார்த்ததிலிருந்து இந்த ஆசை.

நெவில் ட்ரெவரோடு டார்ட்ஸ் ஆடுகிறவன். கேஸ் வேலைக்கு முறையான அனுமதி அட்டையும் வைத்திருக்கிறவன். பஸ் டெப்போ மெக்கானிக்கான என் கணவன் தானே பொருத்துகிறேன் என்று கிளம்பாததே பெரிய விஷயம்.

அக்டோபர் 3, சனி

புகைபோக்கி துடைக்கிறவர் வந்துபோனார். வாளி வாளியாகக் கரி, ஒரு பழைய பறவைக்கூடு. கட்டுமானம் ரொம்பப் பழசு என்றார். எங்கள் புகைக்குழாயும் பக்கத்து வீட்டுக் குழாயும் ஒரே தூணுக்குள் அக்கம்பக்கமாக ஏறிப் போகின்றனவாம். இந்தத் தெருவில் எல்லா வீடும் அப்படித்தானாம்.

அந்தக் கரியில் கொஞ்சம் பறந்து ஏவ்ரிலின் துணிக்கொடியில் உட்கார்ந்துவிட்டது. வந்தது வினை.

ஏவ்ரில் பக்கத்து வீட்டில் தனியாக இருக்கிறாள். எழுபது தாண்டிவிட்டது. கம்பள ஆலையில் தறிச் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய குரல், ஓய்வு பெற்றும் இறங்கவில்லை. எனக்கு ஆபரேஷன் ஆனபோது தினமும் மூடிபோட்ட தட்டில் சாப்பாடு கொண்டுவந்தவள். நானும் அவளும் எப்போதும் நன்றாகத்தான் இருக்கிறோம். ட்ரெவரும் அவளும்தான் ஆகஸ்டிலிருந்து பேசுவதில்லை. டெப்போ வேனைப் பின்னால் எடுக்கும்போது அவள் தோட்டச் சுவரை இடித்துவிட்டு, சுவர் வெளியே தள்ளிக் கட்டியிருக்கிறது என்று வாதாடினான்.

"ஆமாண்டா, என் சுவரு எழுந்து நடந்து வந்து உன் வண்டிய இடிச்சுது!" என்றாள் அன்று. தெருவே சிரித்தது. அவனுக்கு அதுதான் ஆறவில்லை.

அக்டோபர் 10, சனி

எனக்குப் பள்ளிக்கூடச் சந்தையில் கேக் மேசை. சாயங்காலம் திரும்பினால் எல்லாம் முடிந்திருந்தது. நெவில் கைகழுவிக்கொண்டு நின்றான். என்னை முட்டி போடவைத்து இயக்கச் சொல்லிக்கொடுத்தான். குமிழை உள்ளே அழுத்து, அப்படியே பிடி, டக்கென்று சிறு சுடர் வரும், அது நிலைத்ததும் திருப்பு. திருப்பினேன். அடியிலிருந்து மஞ்சளாக ஏறிப் பீங்கான் கரிகளைச் சுற்றிக்கொண்டது. உண்மைக் கரி இல்லை என்று சத்தியம் பண்ணினாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

"இந்தக் கட்டிகள்ல ஒண்ணக்கூட எடம் மாத்தாதீங்க, கிளெண்டா. அழகுக்கு அடுக்குனதில்ல, காத்து போற வழி பாத்து அடுக்குனது. வெளிச்சுவர்ல காத்து ஓட்டை விட்டிருக்கேன், குளிருதுன்னு துணி வச்சு அடைக்காதீங்க. வருஷம் ஒருதரம் யாராவது வந்து கழட்டித் துடைக்கணும்."

விஷவாயு வந்தால் கத்துகிற ஒரு அலாரத்தையும் சுவரில் மாட்டியிருந்தான். எல்லாம் சோதித்துப் பார்த்தாயிற்றா என்று கேட்டேன். புகை எங்காவது கசிகிறதா என்று புகைவில்லை கொளுத்தி, மாடி, கூரைக்குள் எல்லாம் ஏறிப் பார்த்தேன் என்று ஆரம்பித்தான்.

"எல்லாம் பாத்தாச்சு. டீயப் போடு, ஆட்டத்துக்கு நேரமாச்சு," என்றான் ட்ரெவர்.

அக்டோபர் 11, ஞாயிறு

நாள் முழுக்க அதன் முன்னால்தான். வறுத்த மாட்டிறைச்சியை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். ட்ரெவர் டிவி போடவே இல்லை!

அக்டோபர் 23, வெள்ளி

ட்ரெவர் கரிகளை மாற்றி அடுக்கிவிட்டான். நடுவில் குவித்தால் ஜ்வாலை உயரமாக வருகிறதாம். வருகிறதுதான், திரைச்சீலை மாதிரி ஆடுகிறது. நெவில் கூடாது என்றானே என்றேன்.

"நெவில் என்ன பாதிரியாரா? அவன் சொன்னது வேதமா?"

கட்டிகளின் முனையெல்லாம் கறுத்துவிட்டது. கொல்லையில் வைத்து மெல்லிய தூரிகையால் துடைத்தேன். கணப்போடு வந்த கையேட்டுப் படத்தில் இருக்கிறபடி திரும்ப அடுக்கினேன். நான் கை கழுவி வருவதற்குள் அவன் மறுபடி மாற்றிவிட்டான்.

நவம்பர் 5, வியாழன்

வெடித் திருநாள், ஊரெல்லாம் சொக்கப்பனையும் வாணவேடிக்கையும். வருஷா வருஷம் இந்த நாளில் ஏவ்ரில் இஞ்சிக் கேக் செய்து ஒரு டப்பா எங்களுக்குத் தருவாள். ட்ரெவரோடு பேசாவிட்டாலும் கேக் வந்துவிட்டது. வாயில் வைத்தால் உப்பு. சர்க்கரைக்குப் பதில் உப்பு போட்டிருக்கிறாள்.

நைசாகச் சொல்லலாம் என்று போனேன். சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் டப்பாவையே பார்த்துக்கொண்டு அழுதாள். ஏவ்ரில் அழுது நான் பார்த்ததில்லை.

"காலையில எழுந்தா தலைய இரும்பு வளையம் போட்டு இறுக்குன மாதிரி இருக்கு, பொண்ணே. எந்த டப்பா எதுன்னு தெரிய மாட்டேங்குது."

நவம்பர் 14, சனி

லீட்ஸிலிருந்து ஏவ்ரிலின் மகள் லொரெய்ன் வந்திருந்தாள். அடுப்பில் காலிக் கெட்டில் கருகிக் கிடந்ததாம். மகளை மகளின் பெயரால் கூப்பிடாமல் செத்துப்போன தங்கையின் பெயரால் கூப்பிட்டாளாம். டாக்டர், வயதாகிறது, மறதி நோயின் ஆரம்பமாக இருக்கலாம் என்றிருக்கிறார்.

"நீங்க கொஞ்சம் கண்ணு வச்சுக்குங்க கிளெண்டா. சுவத்துக்கு அந்தப் பக்கம் நீங்கதானே இருக்கீங்க."

இருக்கிறேன் என்றேன்.

நவம்பர் 22, ஞாயிறு

கடுங்குளிர். மதியத்திலிருந்தே கணப்பு எரிகிறது. குப்பைத் தொட்டியை வெளியே வைக்கப் போனேன், ஏவ்ரில் மேல்கோட்டைத் தலைகீழாகப் போட்டுக்கொண்டு தோட்டத்தில் நின்றாள்.

"நீங்க என்னமோ பண்றீங்க. உங்க வீட்டுல என்னமோ பண்றீங்க, எனக்கு இப்பிடி ஆவுது. வெளிய வந்து நின்னா தெளியுது, உள்ள போனா சுத்துது."

"ஏவ்ரில், நான் என்ன பண்ணப்போறேன் உங்கள? உள்ள போங்க, பனி கொட்டுது."

"அவந்தான். உன் புருஷந்தான்."

உள்ளே வந்து சொன்னேன். ட்ரெவர் கையிலிருந்த பீர் தளும்பச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று எழுத நினைத்தேன். சிரித்தேன். கொஞ்சம்தான்.

மனசு கசந்துவிட்டது. இவ்வளவு வருஷம் பழகி என்னைப் பார்த்து அப்படிச் சொல்கிறாளே!

டிசம்பர் 2, புதன்

ஏவ்ரில் மாடிப்படியில் விழுந்துவிட்டாள். தபால்காரர் கதவு ஓட்டை வழியாகப் பார்த்து எங்களைக் கூப்பிட்டார். ஆம்புலன்ஸில் போயிருக்கிறாள். எலும்பு முறியவில்லை. ஆனால் அவள் முகம்... யார் என்று கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள்.

டிசம்பர் 6, ஞாயிறு

ஆஸ்பத்திரிக்குப் போனேன். தலையணையில் சாய்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்! பழைய ஏவ்ரில். பட்டாணியைக் கண்ணாடிக் குண்டு மாதிரி வேகவைக்கிறார்கள், நீ வந்து கற்றுக்கொடு என்றாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

லொரெய்ன் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போனாள். இந்த நோய் இப்படித்தான், ஒரு நாள் தெளிவு, ஒரு நாள் இருட்டு என்றாள். ஹடர்ஸ்ஃபீல்டில் ஒரு முதியோர் இல்லம் பார்த்திருக்கிறாள், புத்தாண்டு கழிந்து இடம் கிடைக்கும். "நீங்களும் ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா வீட்ட விக்கத்தான் சொல்றேன்னு சண்டைக்கு வராங்க."

திரும்ப உள்ளே போனோம். ஏவ்ரில் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள்.

"இங்க நான் நல்லாத்தானே இருக்கேன்? வீட்டுக்குப் போனாத்தான்டி இப்பிடி ஆவுது."

"அதாம்மா நானும் சொல்றேன். வீட்டுல தனியா இருக்க முடியல உங்களால."

ஏவ்ரில் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்று காத்திருந்தாள். நான் தலையாட்டினேன். லொரெய்ன் சொல்வதுதான் சரி என்றேன்.

அவள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள். நான் கிளம்பும்வரை எடுக்கவில்லை.

டிசம்பர் 9, புதன்

வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். போய்ப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

டிசம்பர் 13, ஞாயிறு

நேற்றிலிருந்து பனி. ஏவ்ரில் கதவைத் திறப்பதில்லை. சூப் கொண்டுபோய்ப் படியில் வைத்தேன். சாயங்காலம் அப்படியே உறைந்து இருந்தது. மாடி ஜன்னல் திரை அசைந்த மாதிரி இருந்தது. லொரெய்னுக்குப் போன் பண்ணினேன். வியாழக்கிழமை வருகிறாளாம், இல்லத்துக்கு வேண்டிய சாமானை முன்கூட்டியே கட்டிவைக்க. அவள் வருமுன் நான் போய்த் துணிகளை எடுத்துவைக்கலாமா என்றாள். சாவி என்னிடம் ஒன்று உண்டு.

ட்ரெவர் இன்று கணப்பை முழு உயரத்தில் வைத்திருக்கிறான். அறை அடுப்பாக இருக்கிறது. 

டிசம்பர் 17, வியாழன்

இன்றே எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பள்ளியில் கிறிஸ்துமஸ் சாப்பாடு முடித்து மதியமே வந்துவிட்டேன். ட்ரெவர் காலை ஷிஃப்ட் முடித்துக் கணப்பின் முன்னால் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அட்டைப்பெட்டிகளை எடுத்துக்கொண்டு ஏவ்ரில் வீட்டுக்குப் போனேன். தட்டினேன். பதில் இல்லை. திறந்துகொண்டு கூப்பிட்டபடியே மாடி ஏறினேன்.

படுக்கையில் இருந்தாள். பட்டப்பகலில். கட்டில் ஜன்னல் பக்கத்தில் இல்லை. தலைமாட்டை இழுத்து, அடைத்துவைத்த பழைய கணப்பை ஒட்டிப் போட்டிருந்தாள். கண் திறந்தாள். வார்த்தை குழறியது. குடித்தவள் மாதிரி.

"பெட்டியோட வந்துட்டியா. மூட்ட கட்ட."

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். அழக்கூடாது என்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் கணுக்காலில் பட்டது. வெதுவெதுவென்று. கணப்பை மூடிய பலகையில் காற்றுக்காகக் கீழே ஒரு சிறு சல்லடை வைத்திருப்பார்கள் இல்லையா, அதிலிருந்து.

"இது எங்கேருந்து வருது ஏவ்ரில்?"

"நல்லாருக்கில்ல? இந்தக் குளிர் காலத்துலதான் தொடங்குச்சு. சாயங்காலமானா தானா வரும். அதான் கட்டில இங்க தள்ளிட்டேன். ஹீட்டர் போட வேணாம் பாரு."

சல்லடையில் உள்ளங்கையை வைத்தேன். அவள் கணவர் இருந்தபோதே மூடிய கணப்பு. உச்சியில் புகைபோக்கியையும் மூடி போட்டு அடைத்தாயிற்று. செத்த கணப்பு எப்படிச் சூடாக மூச்சு விடும்? யார் வீட்டு நெருப்பு இது?

புகைபோக்கி துடைத்தவர் சொன்னது காதில் அடித்தது. ஒரே தூண். அக்கம்பக்கமாக.

எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. பனியில் செருப்பு வழுக்கி ஒரு தடவை விழுந்தேன். எங்கள் முன்னறையில் ஜ்வாலை திரைச்சீலை மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. ட்ரெவர் விழித்து, "என்ன?" என்றான். சுவரில் இருந்த அலாரத்தைப் பிடுங்கினேன்.

"அணைடா அத! இப்பவே அணை!"

திரும்ப ஓடினேன். ஏவ்ரில் அறைக்குள் நுழைந்து அதைக் கீழே வைக்கக்கூட இல்லை, என் கையிலேயே கத்த ஆரம்பித்தது. இத்தனை நாளும் எங்கள் வீட்டில் ஒரு முனகல்கூட முனகாத சனியன்.

ஜன்னலை முழுக்கத் திறந்தேன். பனிக்காற்று உள்ளே பாய்ந்தது.

"சாத்துடி அத! சூடெல்லாம் போவுது!" என்று ஏவ்ரில் கத்தினாள்.

இழுத்தேன். எழுந்து நிற்கக் கால் இல்லை அவளுக்கு. எனக்கே தலை கனத்தது, இல்லை பயமா அது, தெரியவில்லை. ட்ரெவர் வெறும் காலுறையோடு படியேறி வந்து நின்றான்.

"நம்ம வீட்டுல அது கத்தவே இல்லையே, கிளெண்டா?"

"நம்ம வீட்டுப் புகையத்தான் இவங்க குடிச்சிட்டிருக்காங்க! தூக்கு!"

அவன் முகம் வெளிறியது.  மெத்தைவிரிப்போடு சுருட்டித் தோளில் தூக்கிக்கொண்டு படி இறங்கினான். எங்கள் வீட்டுக்குள் கொண்டுபோகப் பயமாக இருந்தது. வேனில் உட்காரவைத்தான்.

"இந்த வண்டியில என்ன ஏத்தாதடா," என்றாள் ஏவ்ரில். பிறகு அவன் சட்டையில் வாந்தி எடுத்தாள். பிறகு பேச்சு நின்றுவிட்டது.

ஆம்புலன்ஸ் வரும்வரை கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஏவ்ரில், ஏவ்ரில், என்னத் திட்டுங்க, ஏதாவது திட்டுங்க என்று.

ஆக்சிஜன் முகமூடி போட்டுக் கொண்டுபோயிருக்கிறார்கள். லொரெய்ன் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். எங்கள் உடம்பிலும் விஷவாயு ஏறியிருக்கிறதா என்று பார்க்க ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். எங்களுக்கு ஒன்றுமில்லை. அதைச் சொல்லவே கூசுகிறது.

டிசம்பர் 18, வெள்ளி

உயிருக்கு ஆபத்து இல்லையாம். இன்னும் முழு நினைவு வரவில்லை.

கேஸ் கம்பெனி ஆள் இரண்டு வீட்டையும் பார்த்தார். எங்கள் கணப்பில் புகைவில்லை கொளுத்திவிட்டு, ஏவ்ரில் அறையில் போய் நிற்கச் சொன்னார். நின்றேன். சல்லடை வழியாகச் சாம்பல் நிறத்தில் வந்தது, மெதுவாக, ஒரு பூனை நுழைகிற மாதிரி.

"உங்க நெருப்பு பக்கத்துல எந்தக் கோளாறும் உங்களுக்குத் தெரிஞ்சிருக்காதும்மா. புகை ஜோரா மேல ஏறிடுது. மாடி உயரத்துல ரெண்டு குழாய்க்கும் நடுவுல இருந்த செங்கல் உதிர்ந்து போச்சு. அங்க திரும்பி அவங்க பக்கம் எறங்கிடுது. உங்க அலாரம் உங்க அறையத்தான் காவல் காக்கும்."

பிறகு கணப்பைப் பார்த்துக் குனிந்தார். "இந்தக் கட்டிகள யாரு இப்பிடிக் குவிச்சது? இப்பிடி வச்சா சரியா எரியாது. விஷம் கூடும்."

ட்ரெவர் ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒவ்வொரு மாலையும் ஜ்வாலை அழகாக வர வேண்டும் என்று அவன் குவித்த குவியல். அதன் முன்னால் காலை நீட்டி உட்கார்ந்தவள் நான்.

கேஸ் குழாயை வெட்டி முத்திரை வைத்துவிட்டார். போகும்போது கேட்டார்: "போட்டவர் சோதனை பண்ணும்போது பக்கத்து வீட்டு மாடிய எட்டிப் பாக்கலையா? பாக்கணுமே."

டிசம்பர் 19, சனி

நெவில் வந்தான். நிற்கிறான், உட்கார மாட்டேன் என்கிறான். நான்தான் கேட்டேன், ஏன் பார்க்கவில்லை என்று. அவன் ட்ரெவரைப் பார்த்தான்.

"நான் கேட்டேனேடா. பக்கத்து வீட்டு மேல் அறையப் பாக்கணும், கூப்பிடுன்னு சொன்னேனே. அவங்க ஊர்ல இல்ல, மக வீட்டுக்குப் போயிருக்காங்கன்னு நீதானே சொன்ன?"

அன்று நான் கேக் டப்பாக்களோடு திரும்பி வரும்போது ஏவ்ரில் வீட்டு முன்னறையில் விளக்கு எரிந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"நானாவது போய்க் கதவத் தட்டியிருக்கணும்," என்றான் நெவில். "தப்பு என்னுதுதான். அட்ட என்கிட்டதானே இருக்கு." போய்விட்டான்.

ட்ரெவர் மட்டும். நான் மட்டும். நடுவில் அந்தக் கறுப்புக் குகை.

"அந்தம்மாகிட்டப் போய் நின்னு, தயவு பண்ணி உள்ள விடுங்கன்னு கெஞ்சணுமான்னு இருந்துச்சு. சனிக்கிழமை. ஆட்டம் வேற. ஒரு சுவரு இருக்கேடி நடுவுல. என்ன ஆயிடும்னு நெனச்சேன்?"

என்ன ஆயிடும். என்ன ஆயிடுமாம்!

ஆஸ்பத்திரியில் அவள் முன்னால் நின்று தலையாட்டினேனே நான். இல்லத்துக்கு அனுப்பு என்றேனே. வீட்டுக்குள் போனால்தான் இப்படி ஆகிறது என்று அவள் வாயாலேயே சொன்னாளே. ஒருத்தர்கூடக் கேட்கவில்லையே.

மாடி அறையில் தனியாகப் படுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 25, வெள்ளி

வான்கோழியில் பாதி அப்படியே இருக்கிறது. முன்னறையில் யாரும் உட்காரவில்லை.

ஜனவரி 10, ஞாயிறு

ஏவ்ரிலைப் பார்க்க ட்ரெவரும் வந்தான். நான் கூப்பிடவில்லை, தானாகக் கோட்டை மாட்டிக்கொண்டான்.

இளைத்துவிட்டாள். இடது கை நடுங்குகிறது. ஸ்பூனைச் சாவி என்கிறாள், பிறகு தனக்கே கோபம் வந்து சரியான சொல்லைத் தேடுகிறாள். மீண்டுவிடலாம், மாதங்கள் ஆகும், முழுசாக மீளாமலும் போகலாம் என்கிறார்கள். மறதி நோய் இல்லை. லொரெய்ன் என் தோளில் விழுந்து அழுதாள். இல்லத்து இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

ஏவ்ரில் ட்ரெவரைக் கிட்டே கூப்பிட்டாள். "நீதான் தூக்கிட்டு எறங்குனியாமே. லொரெய்ன் சொன்னா. என்னத் தூக்கறது சுளுவு இல்லடா. நன்றி."

அவன் கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டு நின்றான். நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். ஆனால் அது அவன் வாயிலிருந்து வர வேண்டியது. நான் சொல்லிவிட்டால் அவன் தப்பித்துவிடுவான்.

வண்டியில் வரும்போது அதைத்தான் சொன்னேன். "நான் சொல்ல மாட்டேன். நீ சொல்ற வரைக்கும் என்கிட்டயும் எதும் பேசாத."

ஜனவரி 27, புதன்

விசாரணை அதிகாரிகள் நெவிலின் அட்டையை நிறுத்திவைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டைப் பார்க்கவில்லை என்று ஒத்துக்கொண்டானாம். ஏன் பார்க்கவில்லை என்பதற்குக் காரணம் எதுவும் சொல்லவில்லையாம். ட்ரெவர் பெயரை எடுக்கவே இல்லை.

ட்ரெவர் டார்ட்ஸுக்குப் போவதை நிறுத்திவிட்டான்.

பிப்ரவரி 8, திங்கள்

ஏவ்ரில் வீட்டுக்கு வந்தாள். புகைத்தூணை மேலிருந்து உடைத்து நடுச்சுவரைப் புதிதாகக் கட்டிவிட்டார்கள். இரண்டு வீட்டிலும் அலாரம். எங்கள் கணப்பை ட்ரெவர் தன் கையாலேயே செங்கல் வைத்து மூடினான். பீங்கான் கரிகளை மூட்டையாகக் கட்டிக் குப்பைக்கிடங்குக்குக் கொண்டுபோனான். நான் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 20, சனி

ஒவ்வொரு காலையும் டெப்போவுக்குப் போகுமுன் ஏவ்ரில் வாசல் பனியை அள்ளிவிட்டுப் போகிறான். கதவைத் தட்டுவதில்லை. அவள் ஜன்னலைத் திறந்து கூப்பிட்டால், வேலைக்கு நேரமாச்சு என்று ஓடுகிறான்.

"உன் புருஷனுக்கு என்னடி ஆச்சு? முன்னெல்லாம் சண்டைக்காவது நிப்பான்," என்று என்னைக் கேட்டாள்.

அவனையே கேளுங்க என்றேன். என்னை உற்றுப் பார்த்தாள். கண்ணில் பழைய கூர்மை கொஞ்சம் வந்திருக்கிறது. பயந்துவிட்டேன்.

மார்ச் 3, புதன்

பேசாத வீட்டில் கடிகாரச் சத்தம்கூட எரிச்சலாக இருக்கிறது. எவ்வளவு நாள்தான் இப்படி? நானே போய்ச் சொல்லிவிடட்டுமா? சொன்னால் அவளுக்கு என்ன கிடைக்கும்? தூக்கிக் காப்பாற்றினான் என்று அவளுக்கு ஒரு நல்ல நினைவாவது இருக்கிறது. அதையும் பிடுங்கவா? ஆனால் அவளுக்கு அது தெரிய வேண்டாமா? ஊரே அவள் பேச்சை நம்பாமல் இருந்ததே, இன்னும் ஒரு பொய்யை அவள் தலையில் வைப்பதா?

மார்ச் 14, ஞாயிறு

அன்னையர் ஞாயிறு. லொரெய்ன் ஏவ்ரிலை மதியச் சாப்பாட்டுக்கு வெளியே கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விட்டுப் போனாள். அவள் கார் திரும்பி மறைந்ததும் ட்ரெவர் எழுந்தான். கோட்டுப் போட்டான். பக்கத்து வீட்டுக்குப் போக எதற்குக் கோட்டு? நான் கேட்கவில்லை.

போய் ரொம்ப நேரம் ஆயிற்று. மாவு பிசைந்தேன். தேவையே இல்லாமல் அடுப்பைத் துடைத்தேன். கத்தல் கேட்கும் என்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். ஏவ்ரில் கத்தினால் தெருமுனைக்குக் கேட்கும். ஒன்றும் கேட்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

திரும்பி வந்தவன் நேராகச் சமையலறைக்குப் போய்க் கையைக் கழுவினான். கழுவிக்கொண்டே இருந்தான். கண் சிவந்திருந்தது.

"சொல்லிட்டேன்."

நான் குழாயை நிறுத்தினேன்.

"எல்லாத்தையும் சொன்னேன். கரிய மாத்தி வச்சதையும் சொன்னேன். குறுக்க பேசல. முடியற வரைக்கும் அந்த இடது கைய மடியில வச்சு அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அப்புறம் சொன்னா, அன்னிக்கு நான் உள்ளதான் இருந்தேன், நெவிலோட வண்டியப் பாத்தேன், நீ வந்து தட்டியிருந்தாலும் தொறந்திருக்க மாட்டேன்டா, உன் மூஞ்சிலயே முழிக்கக் கூடாதுன்னு இருந்தேன்னு."

துண்டை எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு துடைக்காமல் நின்றான்.

"அது நெசமா இருக்குமா, கிளெண்டா? இல்ல எனக்காகச் சொன்னாளா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன். அவளையே கேள் என்றேன்.

"கேக்க மாட்டேன்," என்றான். அப்புறம்தான் கையைத் துடைத்தான். "நாளைக்குச் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கா. அலமாரிக் கதவு ஒண்ணு தொங்குதாம். திருப்புளி எங்க வச்சோம் நாம?"